நீலப் பெயின்ட் அடித்த வேன்

போன மாதம் என் மகளும் மருமகனும் ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் போய் வந்தார்கள். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்ததாம். நின்ற இடத்தில் சமைத்து, நின்ற இடத்தில் தூங்கினார்களாம். கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டிவிட்டு, “இதெல்லாம் உங்க காலத்துல நெனச்சே பார்த்திருக்க மாட்டீங்கம்மா” என்றாள் மகள். நாங்களும் அப்படிப் போனதைச் சொன்னால் நம்ப மாட்டாள். நீங்கள் நம்புவீர்கள். நம் வயசுக்காரர்களிடம் சொல்வதில் அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது.

அறுபதுகளிலேயே நாங்கள் அப்படிப் போய் வந்துவிட்டோம். மூக்கு நீண்ட ஒரு லோடு வேன். உள்ளே இரண்டு பக்கமும் நீளப் பலகை. அம்மா தன் பழைய சேலைகளைக் கிழித்துத் திரை தைத்திருந்தாள். மூலையில் மணல் பரப்பி, அதன் மேல் ஒரு மண்பானை. வண்டி குலுங்கும்போது சாய்ந்துவிடாமல் தாம்புக் கயிற்றால் கட்டியிருந்தது. குழாய் என்றால் எங்களுக்கு அதுதான்.

எங்கள் ஊர் ஆமத்தூர். அப்பாவுக்குக் கரிசல் காடு. பருத்தி, மிளகாய், மழை பெய்தால் கொஞ்சம் கம்பு. அந்தக் காடு இரண்டு ஆளுக்குச் சோறு போடாது என்று சித்தப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அப்பாவின் ஒரே தம்பி. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, அதே கம்பெனியில் வேலை. கம்பெனி பக்கத்திலேயே இருவரும் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை ஒரே சைக்கிளில் ஊருக்கு வருவார்கள். கூட்டாளி தன் வீட்டில் சாப்பிட்டதைவிட எங்கள் வீட்டில் சாப்பிட்டதுதான் அதிகம். தெருமுனை திரும்பும்போதே “மதினி, தண்ணி” என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்துவிடுவார். சைக்கிளைச் சுவரில் சாத்துவதற்குள் அம்மா செம்போடு நிற்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால், “மதினி வீட்டுக் கெணறு வத்திப்போச்சு போல” என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் தை பிறந்த கையோடு ஒரு நாள் கம்பெனியில் மருந்து கலக்கிற அறை வெடித்தது. உள்ளே இருந்த கூட்டாளியை வெளியே இழுத்துப் போட்டவர் சித்தப்பா. கம்பெனி வேனில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே கூட்டாளி இறந்துவிட்டார். சித்தப்பா இரண்டு கைகளும் வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு வீட்டுக்கு வந்தார். இடது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கைகள்கூடத் தேறிவிட்டன. பேச்சுத்தான் நின்றுபோயிற்று. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், படு என்றால் படுத்தார். கேட்டதற்குத் தலையை அசைப்பதோடு சரி.

அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். தம்பிக்குத் தீயைக் கண்டால் ஆகவில்லை, அதுதான் வியாதி. அதிலிருந்து எங்கள் வீட்டில் தீ ஒரு கெட்ட வார்த்தை ஆனது. அடுப்பு கொல்லைக்குப் போனது. தீப்பெட்டி அரிசிப் பானைக்குள் போனது. அப்பா பீடி குடிக்க ஓடைப்பக்கம் நடந்தார். விளக்கு ஏற்றும் நேரத்தில் சித்தப்பாவை ஏதாவது சாக்குச் சொல்லி மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்புவோம். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள்கூட, அவருக்கு எதைக் கண்டால் ஆகவில்லை என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பங்குனி வந்தது. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் உங்களுக்குத் தெரியும். அக்கினிச் சட்டி ஏந்தி ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், வானம் முழுக்க வாணவேடிக்கை. சுற்றுப்பட்டி ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது சட்டி எடுப்பார்கள். அப்பாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கோயிலில் பொங்கல் சாட்டி நாள் அறிவித்துவிட்டால் ஊரை விட்டு வெளியே போய் ராத் தங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. அதனால் சாட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். ஆனால் எங்கே போவது?

அதற்கு வழி காட்டியது எங்கள் அடுப்படிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு படம். சிவகாசி அச்சாபீசில் கழித்துப் போட்ட காலண்டர்த் தாள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வேனை நிறுத்தி, ஏரிக்கரையில் சமைத்துக்கொண்டிருக்கும். பின்னால் மலை. எல்லோருக்கும் இரட்டை மூக்கு. கலர் விலகிப்போனதால்தான் அது கழிவுத் தாள். அப்பா அதன் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “மலைக்காத்தும் கடக்காத்தும் பட்டா மனசு தெளிஞ்சிரும்” என்றார். அம்மா, “அவுகளுக்கு வேன் இருக்கு, நமக்கு என்ன இருக்கு?” என்றாள்.

அப்பா கம்பெனி முதலாளியைப் போய்ப் பார்த்தார். கம்பெனியைப் பூட்டி வைத்திருந்ததால் வேனும் சும்மா, டிரைவரும் சும்மா. முதலாளி உடனே சரி என்றுவிட்டார். இரண்டு நாள் கழித்து வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. மைநீலத்தில் புதுப் பெயின்ட். வாசனை தலையைச் சுற்றியது. தெருவே வந்து பார்த்தது. சித்தப்பாவும் வந்தார். டிரைவர் பின்கதவைத் திறந்தபோது அது நீளமாகக் கிறீச்சிட்டது. அதைக் கேட்டதும் சித்தப்பா நேரே முன்னால் போய் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆசையாய் ஏறிவிட்டார் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

அப்பா, அம்மா, நான், நாலு வயது என் தம்பி, நாங்கள் பின்னால். வலது பக்கப் பலகையில் எனக்குப் படுக்கை. அங்கே படுத்துக்கொண்டு வேனின் உள்பக்கச் சுவரை நகத்தால் சுரண்டுவது என் வேலை. சுரண்டினால் நீலத்துக்கு அடியில் பச்சை தெரியும். ஒரு விரல் நீளத்துக்குப் பச்சைக் கோடு போட்டு வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அடி விழும்.

முதலில் குற்றாலம். பங்குனி மாதத்தில் குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு குளிக்கப் போனவர்கள் நாங்களாகத்தான் இருக்க முடியும். அருவி விழும் பாறையில் மூத்திரம் போன தடம் மாதிரி ஒரு ஈரம். அவ்வளவுதான். கரிசல்காட்டு ஆளுக்கு அருவி என்றால் வருஷம் பூராவும் கொட்டும் என்ற நினைப்பு. துண்டும் கையுமாக நின்ற அப்பா, “பாறை நல்லா இருக்கு” என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு அவளுடைய சீப்பைத் தூக்கிக்கொண்டு போனது. கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த கொம்புச் சீப்பு. பயணம் முடியும்வரை அம்மா கையாலேயே தலையைக் கோதிக்கொண்டாள்.

அப்பாவின் சட்டப்படி வேனில் தீப்பெட்டி கிடையாது. சமைக்க வேண்டுமென்றால் வேன் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய் மூன்று கல்லைக் கூட்டி, யாரிடமாவது நெருப்பு வாங்கி அடுப்பு மூட்ட வேண்டும். பாபநாசத்தில் மலையிலிருந்து விறகுக்கட்டோடு இறங்கிய ஒரு அம்மாளிடம் நெருப்புக் கேட்டோம். அவள் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

“எந்த ஊரு நீங்க?”

“சிவகாசிப் பக்கம்.”

அவள் பெட்டியைத் திருப்பி மேலே ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். “நல்லாருக்கே. ஊருக்கெல்லாம் பெட்டி அடச்சு அனுப்பிட்டு நீங்க தீக்குச்சிக்கு அலையுதியளா?” என்று சிரித்தாள். அம்மாவுக்கு வெட்கம். “ஒட்டின கை எங்க தெருக் கைதான்” என்று சொல்லிவிட்டு, ஒரே குச்சியில் அடுப்பைப் பற்றவைத்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

பாபநாசத்தில் ஆறு ஓடியது. மலைத் தண்ணீர் பாதத்தைக் கடித்தது. அம்புட்டுத் தண்ணீர் ஒரே இடத்தில் ஓடிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அங்கேதான் சித்தப்பாவின் புதுப் பழக்கம் ஒன்றை எல்லோரும் கவனித்தோம். வண்டி எங்கே நின்றாலும் அம்மா பானையை அவிழ்த்துக் கீழே இறக்கி வைப்பாள். சித்தப்பா ஒரு பித்தளை டம்ளரில் மொண்டு, விரல்கள் ஒட்டிப்போனதால் இரண்டு உள்ளங்கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக வந்து நீட்டுவார். கேட்க வேண்டியதில்லை. கேட்பதற்கு முன்பே டம்ளர் முகத்துக்கு நேரே இருக்கும். வேண்டாம் என்றால் நகர மாட்டார். “பிள்ளைக வயிறு ஊதிப்போயிரும் தம்பி” என்பாள் அம்மா. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. வேண்டுமென்றே பாதி குடித்துவிட்டு மறுபடி நீட்டுவேன், அவர் மறுபடி நிரப்புவார். அப்பா மட்டும் அம்மாவிடம் தாழ்ந்த குரலில், “புத்தி கொஞ்சம் பிசகிப்போச்சோ?” என்றார்.

அந்த டம்ளரை வாங்காதவர் டிரைவர் ஒருவர்தான். சித்தப்பாவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். சித்தப்பா டம்ளரோடு வந்தால், “எனக்கு வேண்டாம் தம்பி” என்று எழுந்து போய்விடுவார். போகிற வழியில் கிணறோ டீக்கடையோ வந்தால் அங்கே குடிப்பார். அப்பா அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். “ஆளு சாதி சனம் பாப்பாரு போல. நம்ம கையால தண்ணி குடிக்க யோசிக்காரு.” அதன்பிறகு அப்பாவும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இப்போது நினைத்தால் எனக்கு அப்பா மேல் கோபம் வருகிறது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. விசாரிக்கிற பழக்கம்தான் இல்லை.

ராத்திரி சித்தப்பா வேனுக்குள் படுக்க மாட்டார். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துக்கொள்வார். பகல் முழுக்க அவரும் டிரைவரும் முன் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில். நான் சீட்டுக்குப் பின்னாலிருந்த தடுப்புப் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டேதான் வருவேன். நாங்குநேரிப் பொட்டல், நாகர்கோவில் வாழைத் தோப்பு, கன்னியாகுமரியில் மூன்று பக்கமும் கடல், எல்லாம் முன் கண்ணாடியில் வந்து போயின. இரண்டு தலைகளும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்து நான் பார்க்கவில்லை.

கன்னியாகுமரியிலிருந்து கரையோரமாகவே வந்து, திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் வண்டியை நிறுத்தினோம். பனை ஓலைக் குடிசைகள், காய்கிற வலை, கருவாட்டு வாசனை. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தேரி என்கிற செம்மணல் காட்டில் நெடுந்தூரம் நடந்து, ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மொண்டு எடுக்க வேண்டும். காலையில் அம்மா ஒரு பரதவப் பெண்ணோடு போய்ப் பானையை நிரப்பிக்கொண்டு வந்தாள். கால் எல்லாம் கொப்புளம். “ஒரு சொட்டு வீணாகக் கூடாது. சோத்துக்கும் குடிக்கவும் மட்டும்தான். எவனாவது கை கழுவினான்னா பாத்துக்கோ” என்று எங்களை மிரட்டி, பானையை வேனுக்குள்ளேயே கட்டி வைத்துவிட்டாள்.

மத்தியானம் என் தம்பி, சின்னவன், அலையில் விழுந்தான். ஆபத்து ஒன்றுமில்லை, முழங்கால் தண்ணீர். ஆனால் உப்புத் தண்ணீரை நிறையக் குடித்துவிட்டான். கரைக்குத் தூக்கி வந்ததும் வாந்தி. நின்றது என்று நினைத்தால் மறுபடி வாந்தி. உதடு வறண்டு, “தண்ணி, தண்ணி” என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தான். அம்மா எழுந்தாள்.

“குடுக்காத” என்றார் அப்பா. “வாந்தி நிக்கட்டும். அது வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. உள்ள போனா இன்னும் பொரட்டும்.”

உங்கள் வீட்டிலும் அப்படித்தானே சொன்னார்கள்? பேதி என்றால் தண்ணீர் கூடாது, வாந்தி என்றால் கூடாது, அம்மை என்றால் கூடாது. அம்மா உட்கார்ந்துவிட்டாள். சின்னவன் கத்தக் கத்த அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பின்கதவு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தோம். சித்தப்பா வேனுக்குள் ஏறிக்கொண்டிருந்தார். கிளம்பிய நாளிலிருந்து அவர் பின்பக்கத்துக்குள் காலை வைத்ததில்லை. நிரம்பிய டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, மணலில் மண்டியிட்டு, சின்னவன் வாயருகே வைத்தார்.

“குடிக்கட்டும் மதினி” என்றார்.

குரல் கரகரவென்று இருந்தது. தை மாதத்துக்குப் பிறகு நாங்கள் கேட்ட முதல் வார்த்தை. சந்தோஷப்பட வேண்டிய அப்பா, பழக்கத்தில், “ஏலே, வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு” என்று ஆரம்பித்தார்.

“அவனும் கேட்டாண்ணே.”

சின்னவன் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சித்தப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சாத்தூர்லருந்து கேட்டுக்கிட்டே வந்தான். விருதுநகர் தாண்டியும் கேட்டான். என் மடியிலதான் தலை. பக்கத்துலயே கூஜா நிறையத் தண்ணி. தீப்பட்ட உடம்புக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிரும்னாக. நான் குடுக்கல. கெஞ்சினான், குடுக்கல. கள்ளிக்குடி பக்கம் வந்ததும் கேக்கிறதை நிப்பாட்டிட்டான்.” வேன் பக்கம் தலையை அசைத்தார். “இதே வண்டிதான். இப்ப பாப்பா படுக்கிற பலகை.”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. “அது பச்சை வேன்ல. பச்சைன்னுதான எல்லாரும் சொன்னாக. இது கம்பெனியோட வேற வண்டின்னுல நெனச்சேன்” என்றார்.

“பச்சைதான் அண்ணாச்சி.” அதுவரை தள்ளி நின்ற டிரைவர் பக்கத்தில் வந்தார். “கம்பெனிக்கு ஏது ரெண்டு வேனு. முதலாளி நீலம் அடிச்சுக் குடுத்தாரு. சொல்லிக்கிற வேண்டாம்னாரு. நானும் சொல்லல.”

பச்சை என்று எனக்குத்தான் தெரியுமே. சுவரில் என் விரல் நீளத்துக்குக் கோடு கிடந்தது.

டிரைவர் அதோடு நிறுத்தவில்லை. சித்தப்பாவுக்கு எதிரே மணலில் குத்தவைத்து உட்கார்ந்தார். “குடுக்காதன்னு சொன்னாகன்னு சொல்லுதீகளே தம்பி. யாரு சொன்னான்னு சொல்லாம விடுதீகளே. நான்தான சொன்னேன். வண்டிய ஓட்டிக்கிட்டே திரும்பிப் பாத்துக் கத்துனேன், தண்ணி குடுக்காதலேன்னு. எங்கய்யா சொல்லிக் கேட்டது. நல்லதுக்குன்னுதான் கத்துனேன். நீங்க டம்ளரை நீட்டும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான் காதுல விழுகுது. எப்படி உங்க கையால வாங்கிக் குடிப்பேன்?”

அப்பாவிடம் அந்த நேரத்துக்கு ஒரு காரணமும் இல்லை. பெரிய ஆண்கள் மூன்று பேர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் பேசினாள். அம்மாவுக்கு இதமாகப் பேச வராது. கூட்டாளியின் உடம்பு வீட்டுக்கு வந்தபோது குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவள் அவள்.

“குடுத்திருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டாக. அந்த உடம்ப நான் பாத்தேன்” என்றாள். பிறகு, “ஆனா தாகத்தோட போயிருக்க வேண்டாம்” என்றாள்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தால் அவர்கள் இருவரும் அவளை நம்பியிருக்க மாட்டார்கள். சித்தப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார், அந்த ஒட்டிய விரல்களால் முழுசாக மூட முடியவில்லை. ஒருவர் அப்படி அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. டிரைவரும் அழுதார். வாந்தி நின்று, சின்னவன் அம்மா மடியில் கண்ணயர்ந்துவிட்டான்.

வெயில் கொஞ்சம் தாழ்ந்தது. சித்தப்பா எழுந்து வேனுக்குள் ஏறினார். பானையை அவிழ்த்து, மார்போடு அணைத்து இறக்கி, மணலில் வைத்தார். ஒரு டம்ளர் மொண்டு டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் எழுந்து போகவில்லை. வாங்கிக் குடித்தார்.

“இன்னும் வேணுமா அண்ணாச்சி?”

“வேணும் தம்பி.”

சித்தப்பா மொண்டார், அவர் குடித்தார். மறுபடி, “இன்னும் வேணுமா?” மறுபடி, “வேணும்.” அவருக்குத் தாகமே இல்லை என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. சட்டை நனைந்தது, மூச்சு முட்டியது, வயிறு உப்பியது. போதும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சித்தப்பாவும் கேட்பதை நிறுத்தவில்லை. டம்ளர் பானையின் அடியில் தட்டுகிற சத்தம் வந்தது. கடைசித் தண்ணீரைப் பானையைச் சரித்து ஊற்றினார் சித்தப்பா. அதையும் டிரைவர் குடித்தார்.

ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று காலையில் எங்களை மிரட்டியவள் அம்மா. அவளுடைய கொப்புளம் இன்னும் உடைந்திருக்கவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் சின்னவனை அப்பா மடிக்கு மாற்றினாள், வெறும் பானையை எடுத்து இடுப்பில் வைத்தாள், ஊற்று இருக்கும் திசையில் மணலில் நடக்க ஆரம்பித்தாள்.